விசைக்கும் எழுத்துக்கும் நடுவே

1

சென்ற ஆண்டு ஒரு விசைப்பலகை வாங்கினேன். விலை ரூ. 2,700. “கடையில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இதில் அப்படி என்ன இருக்கிறது?” என்று வீட்டில் கேட்டார்கள். அன்று சரியான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இக்கட்டுரையை அந்தக் கேள்விக்கான தாமதமான பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாங்க நேர்ந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிவந்த சிற்றிதழ்கள் சில கட்டுக்கட்டாகக் கிடந்தன. தொட்டால் தாள் பொடிகிறது. முற்றிலும் பொடிந்துபோவதற்குள் அவற்றைத் தட்டச்சு செய்து சேமித்துவிடுவது என்று நானும் இரு நண்பர்களும் மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிவு செய்தோம். படம் பிடித்து எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தோம். மங்கிய அச்சையும், யானைக்கொம்பு போட்ட பழைய ணை, லை வடிவங்களையும் கண்டு அது தடுமாறியது. கடைசியில் விரல்தான் துணை என்று ஆயிற்று. தினமும் இரவு இரண்டு மணிநேரம், மடிக்கணினியின் தட்டையான விசைகளில். ஒன்றரை ஆண்டில் வலக்கை விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. மருத்துவர், “கொஞ்ச நாளைக்குத் தட்டாதீங்க சார்” என்றார். வரலாற்றுத் துறையில் பணியாற்றும் இளம் நண்பரோ, “மெக்கானிக்கல் கீபோர்ட் வாங்கிப் பாருங்க சார்” என்றார். இரண்டு அறிவுரைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடைப்பிடித்தேன்.

பொதி வந்த அன்று முதல் விசையை அழுத்தியபோது எழுந்த ஒலி என்னை 1996ஆம் ஆண்டின் கோடை விடுமுறைக்குக் கொண்டுபோய்விட்டது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் ஒரு மாடியறை. பன்னிரண்டு தட்டச்சுப்பொறிகள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ப்பது அன்றைய நடுத்தரக் குடும்பங்களில் ஏறத்தாழ ஒரு சடங்கு. லோயர், ஹையர் இரண்டும் முடித்துவிட்டால் எங்காவது ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துவிடலாம் என்பது என் தந்தையாரின் கணக்கு. ஆங்கிலப் பொறியில் ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று தொடங்கும் பாடம் தமிழ்ப் பொறியில் ‘ய ள ன க ப க’ என்று தொடங்கும். நெடுங்கணக்கில் எங்கோ ஒரு கோடியில் இருக்கும் யகரம் ஏன் இங்கே முதலில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று மாஸ்டரிடம் கேட்டேன். “அது அங்கதான் இருக்கும், நீ அடி” என்றார். கடந்த ஓராண்டாக நான் படித்ததும் செய்து பார்த்ததும் அந்த ‘அங்கதான் இருக்கும்’ என்ற சொல்லைப் பற்றித்தான்.

2

தட்டச்சுப்பொறியில் விசையும் எழுத்தும் இரும்பால் பிணைக்கப்பட்டவை. விசையை அழுத்தினால் ஒரு நெம்புகோல் அசைகிறது. அதன் மறுமுனையிலுள்ள வார்ப்பு எழுத்து மேலெழுந்து ரிப்பனின் வழியே தாளில் அறைகிறது. எழுத்தின் இடத்தை மாற்ற வேண்டுமானால் இரும்பை அறுத்து ஒட்ட வேண்டும். ஒருமுறை பட்டறையில் முடிவான இடம் தலைமுறைகளுக்கும் முடிவான இடம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பத்திரிகையாளராக இருந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ் 1868இல் தம் கூட்டாளிகளோடு தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கி செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் அதை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தப் பொறிக்குப் பெரிய எழுத்து மட்டுமே தெரியும். 1878இல் வந்த அடுத்த பொறியில்தான் ஷிஃப்ட் விசை சேர்ந்தது. ஒரே விசைக்கு இரண்டு எழுத்து என்ற ஏற்பாடு அங்கே தொடங்குகிறது. இன்று நம் கணினிகளில் காணும் ‘க்யூ, டபிள்யூ, இ, ஆர், டி, ஒய்’ வரிசையும் இப்பொறிகளின் வழி வந்ததே. அடுத்தடுத்து அடிக்கப்படும் எழுத்துகளின் நெம்புகோல்கள் சிக்கிக்கொள்ளாமலிருக்க அவை பிரித்து வைக்கப்பட்டன என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கொய்ச்சி யசுவோக்கா, மொத்தொக்கோ யசுவோக்கா என்னும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இதை மறுத்து, தந்திச் செய்திகளைக் கேட்டு அடித்தவர்களின் தேவைகளே அவ்வரிசையை உருவாக்கின என்று வாதிட்டார்கள். காரணம் எதுவாயினும் அது ஒரு நூற்றாண்டின், ஒரு நாட்டின், ஒரு தொழிலின் காரணம். அந்தத் தொழில் மறைந்த பின்னும் வரிசை மறையவில்லை.

ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்து. தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. ஒரு சாதாரணத் தட்டச்சுப்பொறியில் நாற்பத்தைந்தை ஒட்டிய விசைகள். விசைக்கு இரண்டு வீதம் தொண்ணூறை ஒட்டிய இடங்கள். இந்தக் குறுகிய வீட்டுக்குள் அவ்வளவு பெரிய குடும்பத்தைக் குடியமர்த்த முனைந்தவர் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளவயதில் மலாயாவுக்குச் சென்று, சிங்கப்பூரில் வணிக நிறுவனத்தில் பணியாற்றியவர். மொழிப் பேராசிரியரோ பொறியாளரோ அல்லர். அலுவலகத்தில் ஆங்கிலப் பொறியைக் கண்டு, இது ஏன் தமிழுக்கு இல்லை என்று கேட்டுக்கொண்டவர். அவருடைய வடிவமைப்பு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தைச் சேர்ந்த சைடல் அண்ட் நவுமன் நிறுவனத்தின் மூலம் ‘பிஜு’ என்னும் கையடக்கப் பொறியாக வெளிவந்தது.

இடப்பற்றாக்குறையைத் தமிழ்ப் பொறிகள் சமாளித்த விதம் சுவையானது. புள்ளியும் இகர, ஈகரக் கொக்கிகளும் எழுத்தின் தலைமேல் விழ வேண்டியவை. அவற்றுக்கு நகரா விசை பயன்பட்டது. அதை அடித்தால் குறி தாளில் விழும், ஆனால் தாள் நகராது. அடுத்து அடிக்கும் மெய் அந்தக் குறிக்குக் கீழே வந்து பொருந்தும். ஆகவே ‘தமிழ்’ என்று அடிக்க வேண்டுமானால் த, பிறகு கொக்கி, பிறகு ம, பிறகு புள்ளி, பிறகு ழ. ‘கொ’ என்பதற்குக் கொம்பு, க, கால். உகரக் குறியோ எழுத்துக்கு எழுத்து உருமாறுவது; அதை ஒட்டவைக்க முடியாது. எனவே கு, து, மு, டு முதலியவை தனி எழுத்துகளாகி ஷிஃப்ட் விசையின் மாடிக்குக் குடிபோயின.

கையால் எழுதும்போதும் ‘கெ’ என்பதற்குக் கொம்பைத்தான் முதலில் போடுகிறோம். அது வடிவத்தின் வரிசை. ஆனால் ‘க்’ என்பதற்கு யாரும் புள்ளியை முதலில் வைப்பதில்லை. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியம் தொட்டு வரும் தெளிவு. தட்டச்சுப்பொறி இதைத் தலைகீழாக்கியது. மாஸ்டரின் வகுப்பில் நான் முதல் மாதம் முழுதும் புள்ளியைப் பிந்தி அடித்து, அது அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்து, தாள் தாளாக வீணாக்கியதன் காரணம் இதுதான். குற்றம் என் விரலில் என்று நினைத்திருந்தேன்.

இதனால் முத்தையாவின் சாதனையைக் குறைத்துச் சொல்வதாக யாரும் கொள்ளலாகாது. இரும்பைக் கொண்டு அதற்குமேல் செய்திருக்க முடியாது. அவருக்குப் பின் அமைப்பில் பல மாற்றங்கள் நேர்ந்தன; வேறு நிறுவனங்களும் தமிழ்ப் பொறிகளைச் செய்தன. கோத்ரெஜ் நிறுவனம் 1955இல் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி தயாரிக்கத் தொடங்கியது. பொறியின் செல்வாக்கு எழுத்துச் சீர்திருத்த விவாதத்திலும் நுழைந்தது. 1935இல் குடிஅரசு இதழில் பெரியார் கையாளத் தொடங்கிய வடிவங்களுக்கு, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பதும் ஒரு வாதமாயிருந்தது. 1978இல் தமிழக அரசு ஆணையிட்ட பின் யானைக்கொம்பு விடைபெற்றது. எழுத்துக்கு ஏற்பப் பொறி பாதி வளைந்தது. பொறிக்கு ஏற்ப எழுத்து பாதி வளைந்தது என்று சொல்லலாம்.

3

கணினி வந்ததும் விசைக்கும் எழுத்துக்கும் இடையிலிருந்த இரும்பு அறுந்தது. இது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதை நம்மில் பலர் இன்னும் உணரவில்லை என்று நினைக்கிறேன். நானும் சென்ற ஆண்டுவரை உணர்ந்திருக்கவில்லை.

கணினி விசைப்பலகைக்கு எந்த மொழியும் தெரியாது. ஒரு விசையை அழுத்தினால் அது கணினிக்கு அனுப்புவது எழுத்தை அன்று. இன்ன இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்னும் எண்ணை மட்டுமே. அந்த எண்ணுக்கு ‘ஏ’ என்று பொருள் கொள்வதா, ‘ய’ என்று பொருள் கொள்வதா, ‘அ’ என்று பொருள் கொள்வதா என்பதைக் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் முடிவு செய்கிறது. விசையின் தலையில் அச்சிட்டிருக்கும் எழுத்து வெறும் பெயர்ப்பலகை. வீட்டுக்காரர் மாறினாலும் பெயர்ப்பலகை மாறாமல் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

இரும்பு அறுந்த பிறகும் நெடுங்காலம் நாம் அது இருப்பதாகவே நடந்துகொண்டோம். பாமினி எழுத்துருவை நினைவுகூராத தமிழ் எழுத்தாளர் இருக்க முடியாது. தட்டச்சுப்பொறியின் வரிசையை அப்படியே ஆங்கில எழுத்துகளின் இடங்களில் ஏற்றி வைத்த எழுத்துரு அது. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்பது ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று தெரியும். என் முதல் கட்டுரையை ஒரு சிற்றிதழுக்கு மின்னஞ்சலில் அனுப்பி, “என்ன மொழியில் எழுதியிருக்கிறீர்கள்?” என்று ஆசிரியரிடமிருந்து பதில் பெற்ற அனுபவம் எனக்கு உண்டு. கணினி அதை ஆங்கிலமாகவே சேமித்திருந்தது. தமிழ் அதன்மேல் போர்த்திய முகமூடி. 1991இலேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டாலும், அது நம் அன்றாடப் பழக்கத்துக்கு வர ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இன்னொரு பக்கம் ஒலிபெயர்ப்பு முறை வளர்ந்தது. ஆங்கில எழுத்துகளில் ‘அம்மா’ என்று அடித்தால் தமிழில் அம்மா வரும். மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், பின்னர் வந்த எ-கலப்பையும் இல்லாவிட்டால் இணையத்தில் தமிழே இருந்திராது. தட்டச்சு கற்காத மருத்துவரும் பொறியாளரும் இல்லத்தரசியும் எழுத வந்தது அவற்றால்தான். இந்த நன்றியை முதலில் பதிவு செய்துவிட்டு ஒரு குறையையும் சொல்கிறேன். ஒலிபெயர்ப்பில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில எழுத்தின் வழியாகத்தான் நினைக்கப்படுகிறது. ந, ண, ன மூன்றும் ‘என்’ என்ற ஒரே எழுத்தின் பெரிதும் சிறிதும் திரிபுமாக ஆகிவிடுகின்றன. ல, ள இரண்டும் ‘எல்’லின் இரு அளவுகள். வகுப்பில் நான் திருத்தும் தாள்களில் ணகர னகரப் பிழைகள் பெருகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஐயம். ஓர் ஆசிரியனின் கண்ணுக்குப் பட்டது என்ற அளவில் மட்டும் இதை எடுத்துக்கொள்க.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்’99 மாநாட்டை ஒட்டி ஒரு விசைப்பலகை அமைப்பு வரையறுக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழக அரசின் ஏற்பையும் பெற்றது. தமிழ்99 என்பது அதன் பெயர். அதற்கு முன்னோடியாக அமைந்த முயற்சிகளில் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் அமைப்பைத் தனியே குறிப்பிட வேண்டும். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட்’97 மாநாட்டுக்கும் அவரே மூலவர். தமிழ்99 ஏற்கப்பட்ட அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

இந்த அமைப்பை நான் முதன்முதலாக உட்கார்ந்து படித்தது விசைப்பலகை வாங்கிய பிறகுதான். படித்தபோது ஓர் இலக்கண மாணவனுக்கு ஏற்படும் மகிழ்ச்சி ஏற்பட்டது. இதற்கு வேண்டிய விசைகள் 31 மட்டுமே. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று. அதாவது நன்னூல் கூறும் முதலெழுத்து முப்பதும் ஆய்தமும்! உயிர்மெய் 216க்கும் தனி இடம் கிடையாது. மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் பிறக்கும். ‘கெ’ என்பதற்குக் க, பிறகு எ. கொம்பு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது திரையின் கவலை, விரலின் கவலை அன்று. உயிர்கள் முழுதும் இடக்கையில். வகரமும் ஙகரமும் தவிர ஏனைய மெய்கள் வலக்கையில். இரு கைகளும் மாறி மாறி இயங்க, உயிரும் மெய்யும் கூடுகின்றன. கிரந்த எழுத்துகள் ஷிஃப்ட் விசையின் மாடியில்.

அடுத்து புள்ளி. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவது தானே புள்ளி பெறும்: அ, ம, ம, ஆ என்று அடித்தால் ‘அம்மா’. மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே: ப, ந, த, உ என்று அடித்தால் ‘பந்து’, க, ன, ற, உ என்று அடித்தால் ‘கன்று’. உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம், இன எழுத்து என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் கொட்டாவி விட, நான் நடத்தும் பாடம் இது. தமிழில் எந்த மெய்யோடு எந்த மெய் மயங்கும் என்று இலக்கணிகள் வகுத்து வைத்ததை ஒரு மென்பொருள் விதியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. விதிவிலக்கும் உண்டு. ‘மமதை’ என்று அடிக்க முயன்றால் ‘ம்மதை’ என்று வரும். இரண்டு மகரங்களுக்கும் நடுவே அகரத்தை அடித்துப் பிரிக்க வேண்டும்.

தட்டச்சுப்பொறி தமிழ் எழுத்தின் வடிவத்தைப் பார்த்தது. ஒலிபெயர்ப்பு அதன் ஆங்கில நிழலைப் பார்த்தது. தமிழ்99 அதன் இலக்கணத்தைப் பார்த்தது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது கிடைக்கிறது. ஆயினும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்த பின்பும் நம்மில் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்துவதில்லை. காரணம் எளியது: அந்த எழுத்துகள் நம் கண்ணுக்குப் படுவதில்லை. கடையில் வாங்கும் எந்தப் பலகையிலும் அவை அச்சிடப்பட்டிருப்பதில்லை.

4

இங்கேதான் எந்திர விசைப்பலகை கதைக்குள் வருகிறது.

தொடக்ககாலக் கணினிகளின் பலகைகள் பலவும் கனமானவை, விலை மிகுந்தவை. தட்டச்சுப்பொறியில் பழகியவர்களுக்கு அதே விரலுணர்வைத் தர வேண்டும் என்று ஐபிஎம் பெரிதும் மெனக்கெட்டது. 1985 வாக்கில் அது வெளியிட்ட ‘மாடல் எம்’ பலகை இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில். குறிப்பிட்ட ஆழத்தில் அது பக்கவாட்டில் மடிந்து, டக்கென்ற ஒலியோடு விரலுக்குச் செய்தி சொல்லும். அக்காலப் பலகைகள் சில இன்னும் வேலை செய்கின்றன.

1953இல் அமெரிக்காவில் தொடங்கிப் பின்னர் ஜெர்மனியில் வேரூன்றிய செர்ரி நிறுவனம் 1980களின் முற்பகுதியில் ‘எம்எக்ஸ்’ என்ற சுவிட்சை உருவாக்கியது. கட்டைவிரல் நகமளவு பெட்டி. உள்ளே ஒரு தண்டு, ஒரு சுருள்வில், இரண்டு உலோகத் தகடுகள். தண்டு நான்கு மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு மில்லிமீட்டரிலேயே தகடுகள் தொட்டுக்கொண்டு எழுத்து பதிவாகிவிடும். அடிவரை குத்த வேண்டியதில்லை. தண்டின் நிறம் அதன் குணத்தைச் சொல்லும். சிவப்பும் கறுப்பும் வழுக்கிக்கொண்டு இறங்குபவை. கறுப்பு சற்று கனம். பழுப்பில் பாதிவழியில் ஒரு சிறு மேடு விரலுக்குத் தட்டுப்படும். நீலத்தில் அந்த மேட்டோடு ‘க்ளிக்’ என்ற ஒலியும் சேரும்.

1990களில் கணினி வீடுகளுக்குள் வந்தபோது விலை குறைய வேண்டியிருந்தது. அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களின்மேல் இரப்பர்க் குமிழ்களைப் பரப்பி, அவற்றின்மேல் விசைகளை வைத்துவிட்டார்கள். முந்நூறு ரூபாய்ப் பலகை இதுதான். குமிழை முழுக்க நசுக்கினால்தான் எழுத்து விழும். ஒரு குமிழ் சோர்ந்தால் பலகையையே தூக்கி எறிய வேண்டும். இந்தக் குறையையும் சொல்லி, அதன் நற்பணியையும் சொல்ல வேண்டும்: கணினி மலிவானதில் இரப்பருக்கும் பங்குண்டு.

எந்திரப் பலகை அழிந்துவிடும் என்றிருந்த நிலையில் கணினி விளையாட்டுக்காரர்களும் நிரலாளர்களும் அதை மீட்டார்கள். 2005இல் அமெரிக்காவில் ‘தாஸ் கீபோர்ட்’ என்றொரு பலகை வந்தது. அதில் எந்த விசையிலும் எந்த எழுத்தும் அச்சிடப்படவில்லை! அன்று அது கிறுக்குத்தனமாகப் பார்க்கப்பட்டது. எழுத்து விசையில் இல்லை என்ற உண்மையை அது வெளிப்படையாகச் சொன்னது என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது. செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பின் கெய்ல், கேட்டெரான், அவுட்டெமு முதலிய சீனத் தயாரிப்புகள் அதே அளவிலான சுவிட்சுகளைக் குறைந்த விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஒரே அளவு என்பதால் ஒருவர் செய்த மூடி இன்னொருவர் செய்த சுவிட்சின்மேல் பொருந்துகிறது. என்னைப் போன்ற ஒரு கல்லூரி ஆசிரியன் ரூ. 2,700க்கு எந்திரப் பலகை வாங்க முடிந்தது இந்த வரலாற்றின் விளைவு.

5

நான் வாங்கியது வலப்பக்க எண் தொகுதி இல்லாத 87 விசைப் பலகை. அதனால் சுட்டெலி பக்கத்தில் வந்து தோளுக்கு எளிதாயிற்று. ‘ஹாட் ஸ்வாப்’ வகை. அதாவது பற்றவைப்பு ஏதுமின்றிச் சுவிட்சுகளைப் பிடுங்கி வேறு செருகிக்கொள்ளலாம். வாங்குவோர் இந்த ஒன்றை மட்டும் பார்த்து வாங்கினால் போதும் என்பேன். ஏனையவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

தட்டச்சுப்பொறியின் நினைவில் நீலச் சுவிட்ச் கேட்டு வாங்கியது என் பிழை. இரவு பதினொரு மணிக்குச் சிற்றிதழ் ஒன்றின் தலையங்கத்தை அடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையிலிருந்து மகள், “அப்பா, மழை பெய்யுதா?” என்றாள். மறுவாரமே பழுப்புச் சுவிட்சுகள் தொண்ணூறு வாங்கினேன்: ரூ. 1,500. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் பிடித்தது. அவசரத்தில் இரண்டின் கால்களை வளைத்துவிட்டேன். நேரே இறக்காமல் சாய்த்து அழுத்தினால் இப்படி ஆகும். வெளிவிசையின் அடியிலிருந்த கம்பி கடகடத்தது. துளி சிலிகான் கிரீஸ் தடவியதும் அடங்கியது. பொதியில் வந்த நுரைத்தாளை அளவாக வெட்டிப் பெட்டியின் அடியில் பரப்பியதில் ஓட்டை ஒலியும் குறைந்தது.

பிறகு எழுத்து. ஒட்டும் தாள்கள் கிடைக்கின்றன, மலிவு, ஆனால் விரல்பட்டு ஓரம் எழும்பும். எழுத்தில்லாத வெளிர்சாம்பல் மூடிகள் ஒரு தொகுதி ரூ. 900க்கு வாங்கினேன். பிபிடி என்னும் பிளாஸ்டிக். மலிவான ஏபிஎஸ் மூடிகளைப் போல நாளடைவில் மினுமினுப்பு ஏறாது. கோப்பைகளிலும் பேனாக்களிலும் பெயர் பொறித்துத் தரும் கடையொன்று எங்கள் ஊரில் உண்டு. அங்கே லேசரால் 31 எழுத்துகளைப் பொறித்துத் தரக் கேட்டேன். எழுத்துக்கு இருபது ரூபாய். வரிசைக்கு வரிசை மூடியின் சாய்வு வேறுபடும், ஆகவே எந்த எழுத்து எந்த வரிசை மூடியில் என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும். சோதனைக்காகப் பொறித்த முதல் ணகரத்தில் சுழிகள் கருகி ஒன்றாகிவிட்டன. எழுத்தைப் பெரிதாக்கி, கோட்டை மெல்லிதாக்கிய பின் சரியாயிற்று.

கடைசியில் ஔகாரத்தைப் பார்த்தால் ‘ஒ’ பக்கத்தில் ஒரு முழு ளகரம் நிற்கிறது. கடைத் தம்பியிடம் கேட்டேன். “அப்படித்தானே சார் அடிப்போம்” என்றார். அவர் தட்டச்சுக் கற்றவர். பொறியில் ஔகாரத்துக்குத் தனி விசை இல்லாததால் ஒகரத்தையும் ளகரத்தையும் அடித்தே பழகியவர். பொறி போய்விட்டது, அதன் பற்றாக்குறை அவர் விரலில் இருக்கிறது. அந்த மூடியை மாற்றச் சொல்லவில்லை. அப்படியே வாங்கிவந்து பொருத்திவிட்டேன். பலகையின் இடக்கோடியில் இப்போதும் அது இருக்கிறது.

ஆக மொத்தம் ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். மலிவு என்று தொடங்கியது இப்படி முடிந்தது. நீலத்தை வாங்காமலிருந்தால் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம். வீட்டில் முழுத்தொகையை இன்னும் சொல்லவில்லை. விரல்வலி குறைந்திருக்கிறது, ஆனால் அதற்குப் பலகை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். மருத்துவர் சொன்ன ஓய்வும், மேசையின் உயரத்தைக் குறைத்ததும் அதில் பங்கு கொண்டவை. இருபத்தைந்து ஆண்டுப் பழக்கத்தைக் கைவிட்டுத் தமிழ்99க்கு மாற எனக்கு ஆறு வாரங்கள் ஆயின. முதல் வாரம் என் பெயரையே அடிக்கத் தெரியாதவனாக இருந்தேன்.

6

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள் பலகையைப் பார்த்துவிட்டு, “இதுல ஏ எங்கப்பா?” என்றாள். கணினியில் தமிழ் எழுதும் ஒவ்வொருவரும் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, மறுபக்கத்திலிருந்து ஒரு குழந்தை கேட்டது. தமிழ்99இல் ஆங்கில ‘ஏ’ இருக்கும் அதே இடத்தில்தான் அகரம் இருக்கிறது. “அ இருக்குல்ல, அதுதான்” என்றேன். தேடிப் பிடித்து அடித்தாள். பிறகு மகரத்தை இருமுறை. புள்ளி தானாக விழுந்ததைக் கண்டு, “இது எப்படித் தெரியும் இதுக்கு?” என்றாள். மெய்ம்மயக்கம் என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். “தமிழுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு, அது இதுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க” என்றேன்.

பெரிய கடைத்தெரு மாடியறை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பொறிகள் எடைக்குப் போனதாகக் கேள்வி. கோத்ரெஜ் நிறுவனமும் 2009இல் தட்டச்சுப்பொறி தயாரிப்பை நிறுத்திவிட்டது. மாஸ்டர் சொன்னது அவர் காலத்துக்குச் சரி. இரும்பில் வார்த்த எழுத்து அங்கேதான் இருக்கும். இன்று அது எங்கும் இருக்கலாம். எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை, முத்தையா டிரெஸ்டன் நிறுவனத்தின் வழியே பெற்ற உரிமை, உள்ளூர்க் கோப்பைக் கடையில் எழுத்துக்கு இருபது ரூபாய் வீதம் கிடைக்கிறது. நாம் கேட்டு வாங்காததால்தான் கடைகளில் அது இல்லை.

சிற்றிதழ்க் கட்டுகளில் இன்னும் நாற்பத்து மூன்று இதழ்கள் மிச்சம். பழைய யானைக்கொம்பு ணை வரும் இடங்களில் எல்லாம் ண, ஐ என்று இரண்டு விசைகளை அடித்துக்கொண்டு போகிறேன்.